காவலாளி அறையில் ஒரு பெட்டி வையுங்கள்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கார் நிறுத்துமிடத்தில் பூனை அடிபட்டுக் கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தால் ஒருவர் பால் கிண்ணத்தோடு வருகிறார், இன்னொருவர் டெட்டாலோடு. காவலாளி வெறுங்கையால் பிடரியைப் பிடிக்கப் பார்க்கிறார். மூன்றும் வேண்டாம். அந்தப் பூனைக்கு முதல் தேவை ஒரு பெட்டிதான். அதைச் சங்கமே வாங்கிக் காவலாளி அறையில் வைத்துவிடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

மேல்பக்கமும் திறக்கிற பிளாஸ்டிக் பூனைக்கூடை நல்லது. இல்லாவிட்டால் ஓரடிக்குக் குறையாத உயரத்தில் உறுதியான அட்டைப்பெட்டி. காற்றுத் துளைகளை முன்கூட்டியே போட்டு, அகல டேப்பையும் உள்ளேயே வையுங்கள். கூடவே தடித்த குளியல் துண்டு இரண்டு. துப்பட்டா உதவாது, பல் ஊடுருவும்.

பிடிக்க ஒருவர் போதும். கூட்டம் கூடினால் உடைந்த காலோடும் ஓடி ஏதாவது காருக்கடியில் புகுந்துகொள்ளும், பிறகு கிடைப்பது கஷ்டம். பின்பக்கமாக வந்து தலையையும் சேர்த்துத் துண்டால் போர்த்துங்கள். கண் மறைந்தால் பெரும்பாலும் அடங்கும். மார்புக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்துத் துண்டோடு பெட்டிக்குள் இறக்குங்கள். பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடந்தால் முதுகெலும்பு முறிந்திருக்கலாம். தட்டையான பலகையை அடியில் நகர்த்தி அப்படியே எடுங்கள். எழுந்து நடமாடும் பூனையைத் துண்டால் துரத்தாதீர்கள். அதற்குக் கூண்டுப்பொறியும் கொஞ்சம் கருவாடும் வேண்டும், பொறுமையும்.

ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். டெட்டாலும் பினாயிலும் பூனைக்கு விஷம். உடம்பை நக்கும்போது வயிற்றுக்குள் போய்விடும். புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெய், டர்பென்டைன் ஊற்றுவதும் அப்படித்தான். மாட்டுக்குச் செய்வதைப் பூனைக்குச் செய்ய முடியாது. எலிப்பசையில் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் சமையல் எண்ணெய் தடவிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கலாம்.

வலி தெரியாமலிருக்கட்டும் என்று பாராசிட்டமால் கொடுப்பவர்களும் உண்டு. அதை முறிக்கும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு கிடையாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். 500 மி.கி. மாத்திரை ஒன்றே உயிரை எடுத்துவிடும். பாலும் தண்ணீரும் ஊட்ட வேண்டாம்: அரைமயக்கத்தில் நுரையீரலுக்குள் போகும், அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதும் சிக்கலாகும்.

நாய் மூச்சிரைப்பது இயல்பு. பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஈறு வெளுத்திருந்தாலும் அதே அவசரம். பால்கனியிலிருந்து விழுந்த பூனை எழுந்து நடந்தாலும் நம்பாதீர்கள். நுரையீரலோ சிறுநீர்ப்பையோ கிழிந்திருப்பது வெளியே தெரியாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பக்கத்துத் தனியார் மருத்துவர், இரவில் வரச் சம்மதிக்கும் ஆட்டோக்காரர் ஆகிய எண்களைப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டிவையுங்கள்.

யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். பூனையாலும் வெறிநோய் வரும். தோலுக்குள் போடும் தடுப்பூசியை 0, 3, 7, 28ஆம் நாட்களில் போடுவார்கள். ஒன்றையும் விடக் கூடாது. பூனைப்பல் ஊசிபோல ஆழமாக இறங்குவதால் மேலே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் மறுநாளே கை வீங்கிச் சீழ் பிடிக்கலாம்.

பெண்பூனை என்றால் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: பால் சுரக்கிறதா? ஆம் என்றால் குட்டிகள் உங்கள் வளாகத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம். ஜெனரேட்டரின் பின்புறம், மின்மீட்டர் அறை, மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் அடி ஆகிய இடங்களில் அன்று இரவுக்குள் தேடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தெருப்பூனைகளை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் தன்னார்வலர்கள்