தைப்பூசத்துக்குக் கேக் வெட்டவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நம் சிங்கப்பூர்த் தைப்பூசத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதுவே பெரிய விஷயம், நன்றி. ஆனால் முதல் வரியிலேயே 'முருகப் பெருமானின் பிறந்த நாளான தைப்பூசம்' என்று போட்டுவிட்டீர்கள். என் ஏழு வயதுப் பேரன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்ப டேங்க் ரோடு கோயில்ல கேக் வெட்டுவாங்களா தாத்தா?" என்றான். அவனைத் தமிழ்ப் பத்திரிகை படிக்க வைத்ததே நான்தான். யாரை நோவது?

உங்களுக்குத் தெரியாததா? முருகன் பிறந்தது வைகாசி விசாகம். தைப்பூசம் அம்பிகை அவன் கையில் வேல் கொடுத்த நாள். அதனால்தான் சிராங்கூன் சாலை நெடுக 'வேல் வேல்' என்கிறோம்.

அப்புறம் அந்தப் படம். வழக்கம்போல் கன்னத்தில் அலகு, பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு வெள்ளைக்காரச் சுற்றுப்பயணி. 'உடலை வருத்தும் விழா' என்று தலைப்பு வேறு. ஐயா, நானும் 9 வருடம் அலகுக் காவடி எடுத்தவன். கைக்குழந்தையாக இருந்த மகள் காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்கு வேண்டுதல். அலகு குத்தியது எனக்குப் பெரிதாக நினைவில் இல்லை. விரதம்தான் நினைவிருக்கிறது. 48 நாள், கப்பல் பட்டறையில் இரவு வேலை முடித்து வந்து பச்சைத் தண்ணீரில் குளியல், ஒருவேளைச் சோறு, தரையில் பாய். காவடி என்றாலே சுமைதானே? முதல் காவடி எடுத்த இடும்பன் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தோளில் கட்டித் தூக்கினான். எங்கேயும் குத்திக்கொண்டதாகக் கதையில் இல்லை. பூசம் முடிந்து வீட்டில் இடும்பன் பூசை போட்டு விரதம் விடுகிறோமே, அதைப் பற்றி உங்கள் அரைப்பக்கத்தில் அரை வரி உண்டா?

என் மனைவி 26 வருடமாகப் பால் குடம் எடுக்கிறாள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் நள்ளிரவுக்கு வரிசையில் நிற்பாள், டேங்க் ரோடு செட்டியார் கோயிலில் பால் ஊற்றும்போது பொழுது விடிந்திருக்கும். மூட்டுவலிக்காரி, 3 கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் நடக்கிறாள். இந்த 26 வருடத்தில் அவள் நிற்கும் வரிசையை ஒரு நிருபரும் எட்டிப் பார்த்ததில்லை. பால் குடத்தில் ரத்தம் இல்லையே, எப்படிப் பார்ப்பார்கள்?

எனக்குக் கொஞ்சம் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். சரி, வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். 1968-இல் சிங்கப்பூரில் தைப்பூசப் பொது விடுமுறை போனது. ஜொகூரில் இருக்கும் தங்கைக்கு அன்று லீவு, பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த நான் ஒவ்வொரு வருடமும் மேலாளர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "உங்களுக்குத்தான் தீபாவளிக்கு லீவு இருக்கே" என்பார். அப்பா காவடி எடுத்த காலத்தில் உருமிச் சத்தம் தெருவெல்லாம் கேட்கும். 1973-இல் தடை வந்து அதுவும் நின்றது. நான் எடுத்த 9 வருடமும் கைதட்டலும் பாட்டும்தான் துணை. 2016-இல் வழியில் சில இடங்களில் இசைக்கு அனுமதித்தார்கள், அதற்குள் என் முட்டி போய்விட்டது.

இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை, தெரியும். ஆனால் லீவு கேட்கப் போகிற பிள்ளை அது என்ன நாள் என்று சொல்ல வேண்டாமா? நம் பத்திரிகையே பிறந்த நாள் என்றால் அவன் எதைச் சொல்வான்?

நான் கேட்பது இரண்டே வரித் திருத்தம். தைப்பூசம் முருகன் வேல் வாங்கிய நாள் என்று, முடிந்தால் போன வாரம் தவறு வந்த அதே பக்கத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். பேரன் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகன்