ஏன் சி.டி. ஸ்கேன் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தண்டையார்பேட்டை ஸ்கேன் மையம் ஒன்றில், சிறுநீரகக் கல் சந்தேகத்துடன் வந்த சிறுவனுக்கு எடுத்த எடுப்பிலேயே சி.டி. ஸ்கேன். “முதலில் அல்ட்ராசவுண்ட் போதாதா?” என்று கேட்ட தாய்க்கு, “பணம் கட்டிவிட்டு உட்காருங்கம்மா” என்பதே பதில்.

பெரியவர்களுக்கு மார்பு எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), வயிற்று சி.டி.யில் அது 8, 10 வரைகூடப் போகும். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ் கதிரே கிடையாது. அதற்காக, மணலி நெடுஞ்சாலையில் லாரி மோதித் தலையில் அடிபட்டவரை எம்.ஆர்.ஐ.க்குக் காக்க வைக்கச் சொல்லவில்லை, அங்கே சி.டி.தான் சரி. போன மாதப் படம் பையில் இருக்க, அதைப் பிரித்தும் பாராமல் மறுபடி எடுக்கச் சொல்கிறார்களே, அதுதான் எரிச்சல். பரிந்துரைச் சீட்டில் காரணத்தை ஒரு வரி எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

– வாசகர் ஒருவர், ராயபுரம், சென்னை-13