பட்டா போட்ட பிரிண்டர்

அம்பாசமுத்திரம்
சித்திரை 24

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஆற்றுக்குக் குளிக்கப் போவதை மட்டும் விடுவதில்லை. மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே?

போன வாரம் போனில் சொன்னாயே, "அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டுட்டு லேப்டாப்பையே வச்சுக்கோம்மா" என்று. போடவில்லை. அதுவும் நீ பொங்கலுக்கு வாங்கி வைத்துப்போன பிரிண்டரும் இப்போது பேச ஆரம்பித்துவிட்டன. நடந்ததைப் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய், பாதி காதில் ஏறாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கம்ப்யூட்டர் ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். அதை வாங்கியது 2006இல். அப்போது ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரே நம் ஜாப் டைப்பிங் கடை இருந்தது, நீ யூனிபார்மோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். சுடலைமாடன் கோயில் கொடைக்கு 63 தலைக்கட்டு வரிக் கணக்கு, நோட்டீஸ், உன் கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான் இருக்கின்றன, பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில், பாமினி எழுத்துருவில். லேப்டாப்புக்கு பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கவே தெரியவில்லை. எழுத்தை மட்டும் காப்பி பண்ணி அதில் போட்டுப் பார்த்தேன். 'அம்மா' என்று நான் அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கிறது. பாமினியில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் குடியிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத வீட்டில் வெறும் ஆங்கில எழுத்துதான் தெரியும். மாற்றித் தரும் வசதி எல்லாம் இருக்கிறது, தெரியும். ஆனால் இத்தனை வருஷக் கணக்கை மாற்றிவிட்டு, ஒவ்வொரு பெயரிலும் ஒற்று விழுந்ததா கால் விழுந்ததா என்று யார் பார்ப்பது? இன்ஷியல் மாறிப்போனாலே கோயிலில் சண்டை வந்துவிடும்.

இத்தனை நாளும் பிடிஎப் ஆக்கி, பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் செருகித்தான் பிரிண்ட் எடுத்தேன். ஒரு தப்பு கண்டுபிடித்தால் மறுபடி முதலிலிருந்து. முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடந்தே என் காலும் உன் அப்பா கால் மாதிரி ஆகிவிடும் போலிருந்தது.

கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். பையன் சிபியுவைத் திறக்கக்கூட இல்லை. "விண்டோஸ் எக்ஸ்பியா? அதெல்லாம் போச்சு அக்கா, புதுசு வாங்குங்க" என்றான். பார்த்ததற்கு 300 ரூபாய் வேறு. அவன் சொன்னதிலும் பாதி உண்மை. பிரிண்டரோடு வந்த சிடியைப் போட்டால் எக்ஸ்பிக்கு டிரைவர், அதாவது கம்ப்யூட்டரைப் பிரிண்டரோடு பேச வைக்கிற மென்பொருள், கிடையாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டது. யுஎஸ்பி வயரைச் செருகிப் பார்த்தேன், அதிலும் நடக்கவில்லை.

அப்புறம் சித்தி மகன் பாளையங்கோட்டையிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். லேப்டாப்பில் பிரிண்டரை ஷேர் பண்ணி, பழைய கம்ப்யூட்டர் அதன் வழியாக அடிக்கட்டும் என்றான். மத்தியானம் முழுக்கப் போராடியும் இது அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கோப்பையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ளக் கம்ப்யூட்டர்கள் பேசுகிற பாஷைக்கு எஸ்எம்பி என்று பெயராம். எக்ஸ்பி பேசுவது அதன் முதல் பதிப்பு, விண்டோஸ் 10 அதை 2017 கடைசியிலிருந்தே தானாகப் போட்டுக் கொடுப்பதில்லையாம். "ஆன் பண்ணிடலாம் பெரியம்மா, ஒரு டிக்தான்" என்றான். ஏன் எடுத்தார்கள் என்று கேட்டேன். அதே 2017 மே மாதம் வான்னாக்ரை என்று ஒன்று ஊர் உலகமெல்லாம் கம்ப்யூட்டரைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டதே, அது புகுந்தது இந்த வாசல் வழியாகத்தான் என்றான். அப்பாவுடைய பென்ஷன், பேங்க் எல்லாம் அந்த லேப்டாப்பில். நாலு நோட்டீஸ் அடிக்க அந்த வாசலைத் திறந்துவைக்க எனக்கு மனசில்லை. தவிர, நான் ஒரு தாள் எடுக்க அப்பா லேப்டாப்பை எந்நேரமும் விழித்திருக்க வைக்க வேண்டும். வேண்டாம் என்றுவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன். பிரிண்டர் வைஃபையில் ரௌட்டரோடு இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரும் லேன் வயரில் அதே ரௌட்டரோடுதான் இருக்கிறது. ஒரே வளவில் இரண்டு வீடு. நடுவில் லேப்டாப் என்ற தரகர் எதற்கு? நேரே கதவைத் தட்டினால் என்ன?

அதற்கு விலாசம் வேண்டும். பிரிண்டரில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் தன் ஜாதகத்தைத் தானே அடித்துத் தருகிறது. அதில் ஐபி அட்ரஸ் 192.168.1.7 என்று இருந்தது. வீட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் முதல் மூன்று எண் ஒன்றுதான், அது ஊர். கடைசி எண் வீடு. ஆயிரம் பத்திரம் டைப் அடித்தவளுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? வயலை ஊரில் என்ன பெயர் சொல்லியும் கூப்பிடட்டும், பத்திரத்துக்குச் சர்வே நம்பர்தான் முக்கியம்.

அடுத்ததுதான் எனக்கே சிரிப்பு வந்த இடம். எக்ஸ்பியில் 'ஆட் பிரிண்டர்' கொடுத்தால் லோக்கல் பிரிண்டரா, நெட்வொர்க் பிரிண்டரா என்று கேட்கிறது. நெட்வொர்க்கில் இருப்பது நெட்வொர்க் பிரிண்டர்தானே என்று அதையே மூன்று நாள் அமுக்கிக்கொண்டிருந்தேன். அது வேறொரு கம்ப்யூட்டர் ஷேர் பண்ணிய பிரிண்டரைத் தேடுகிற வழியாம். நேரே போக வேண்டுமென்றால் 'லோக்கல்' என்று பொய் சொல்ல வேண்டும். தானாகக் கண்டுபிடி என்ற டிக்கை எடுத்துவிட்டு, புது போர்ட் உண்டாக்கு என்று சொல்லி, 'ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணைக் கொடுத்தேன். ஒரு நிமிஷம் யோசித்தது. ஏற்றுக்கொண்டது.

இனி டிரைவர். கம்பெனி கொடுக்காவிட்டால் போகட்டும், எக்ஸ்பிக்குள்ளேயே பழைய பிரிண்டர்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. அதில் பெயருக்குப் பின்னால் 'பிஎஸ்' என்று வால் இருந்த ஒன்றைக் குருட்டாம்போக்கில் அமுக்கிவிட்டேன். டெஸ்ட் பேஜ் கொடுத்ததும் பின்கட்டில் சத்தம். ஆகா, வந்துவிட்டது என்று ஓடினால், தாள் தாளாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது! முதல் தாளின் தலையில் சதவீதக் குறி, ஆச்சரியக் குறி, பிஎஸ் அடோபி. அதன் கீழே ஏதோ மந்திரம் மாதிரி வரி வரியாக ஆங்கிலம். அணைத்துப் போட்டால் நிற்கிறது, உயிர் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் அதே மந்திரம். கம்ப்யூட்டரில் வரிசையில் நின்ற வேலையை அழித்த பிறகுதான் அடங்கியது. 22 தாள் போச்சு. அப்பா அவற்றை மடித்துப் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுத வைத்துக்கொண்டார்.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது பொறி தட்டியது. இதுவும் பாமினி கதைதான். பிஎஸ் என்றால் போஸ்ட்ஸ்கிரிப்ட், அது ஒரு பாஷை. அது தெரியாத பிரிண்டர், சொன்ன வேலையைச் செய்யாமல் சொன்ன சொல்லையே அடித்துத் தள்ளியிருக்கிறது. அப்படியானால் இதற்கு என்ன பாஷை தெரியும்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையேட்டைத் தேடினேன். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் பிசிஎல் என்று இருந்தது, அதுவும் ஒரு பிரிண்டர் பாஷை. நம் அதிர்ஷ்டம்தான். விலை குறைந்த லேசர் பிரிண்டர் பலவற்றுக்கு அதுவும் தெரியாது, கம்பெனி டிரைவர் இல்லாமல் அசையாதாம். நீ கொஞ்சம் கூடக் காசு போட்டு வாங்கியது வீண்போகவில்லை. பட்டியலில் எச்பி லேசர்ஜெட் 4 என்று வால் இல்லாத ஒன்று இருந்தது. 1992இல் வந்த பிரிண்டர், பிசிஎல் பேசுவது. நம்முடையது எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன, பாஷை ஒன்றுதானே என்று அதைப் போட்டேன்.

இந்த முறை தாளே வரவில்லை. ஆரஞ்சு விளக்கு மட்டும் கண்ணடித்தது. டிரேயை இழுத்தேன், தாள் இருக்கிறது. மூடியைத் திறந்தேன், எங்கும் சிக்கவில்லை. கடைசியில் பார்த்தால் டிரைவரில் தாள் அளவு 'லெட்டர்' என்று இருக்கிறது. நம் ஊர் அண்ணாச்சி கடையில் அமெரிக்கத் தாள் எங்கே கிடைக்கும்? அது வரும் வரும் என்று பிரிண்டர் காத்துக் கிடந்திருக்கிறது. ஏ4 என்று மாற்றினேன். பழைய டெஸ்ட் பேஜை அழித்துவிட்டுப் புதிதாகக் கொடுத்தேன். இதமான சூட்டோடு ஒரே ஒரு தாள் வந்து விழுந்தது. இரண்டு பக்கமும் தானே திருப்பி அடிப்பது மட்டும் இந்த டிரைவரில் வரவில்லை. கொடை நோட்டீஸுக்கு அது எதற்கு?

இத்தோடு முடிந்தது என்று உனக்குப் போன் பண்ண இருந்தேன். அன்று சாயங்காலம் பேய்க் காற்றும் மழையும். ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. காலையில் கரண்ட் வந்தது, பிரிண்ட் வரவில்லை. ஜாதகத்தை மறுபடி அடித்துப் பார்த்தால் 7 போய் 4 ஆகியிருக்கிறது. ரௌட்டர் இந்த எண்களைச் சொந்தமாகக் கொடுப்பதில்லை, குத்தகைக்குத்தான் விடுகிறது. ஆங்கிலத்திலும் அதற்குப் பெயர் 'லீஸ்'தான். எல்லாரும் அணைந்து எழுந்தபோது முந்தி வந்தவனுக்கு முதல் வீடு என்று கொடுத்துவிட்டது போல. பாவம், பழைய கம்ப்யூட்டர் 7ஆம் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

குத்தகை ஆகாது, பட்டாவே போட்டுவிடலாம் என்று ரௌட்டருக்குள் போனேன். பாஸ்வேர்டு அதன் அடிவயிற்றில் ஒட்டியிருக்கிறது. உள்ளே 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் பிரிண்டரின் மேக் அட்ரஸைக் கேட்டது. பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்தது, செய்யும்போதே போட்டு அனுப்புவது, நம் சான்றிதழில் அங்க மச்ச அடையாளம் என்று எழுதுவோமே, அது மாதிரி. அதை ஜாதகத்திலிருந்து பார்த்து அடித்து, இந்த மச்சம் உள்ளவருக்கு என்றைக்கும் 192.168.1.7 என்று எழுதி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நாலு தடவை கரண்ட் போய் வந்தாயிற்று, எண் அசையவில்லை.

உனக்கு ஒரு பயம் இருக்கும், தெரியும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு கைகழுவிவிட்டது, அதை வீட்டு நெட்டில் விடலாமா என்பாய். அதற்கும் வழி பண்ணிவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டருக்கு எண்ணை நானே கையால் கொடுத்து, 'டீஃபால்ட் கேட்வே' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். தெருவுக்குப் போகிற வாசல் அதற்குத் தெரியாது. வளவுக்குள் நடந்து பிரிண்டர் வீடு வரைக்கும் போகும், அவ்வளவுதான். இன்டர்நெட் அதற்கு எதற்கு? கண்ட பென்டிரைவையும் அதில் செருக விடுவதில்லை.

நேற்று வரி நோட்டீஸ் 63ம் அடித்தாயிற்று. பிள்ளையார் சுழியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பாமினி எழுத்து முத்து முத்தாக விழுந்திருக்கிறது. ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். வைகாசி கடைசி வெள்ளி கொடை. பொம்பளைப் பிள்ளைகளுக்கு வரி கிடையாது, வந்தால் போதும். நெல்லை எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் போட்டுவிடு, அப்புறம் வெயிட்டிங் லிஸ்டைக் காட்டாதே ஏட்டி.

உன் அம்மா

பி.கு.: நோட்டீஸில் முதல் ஐந்தில் தேதி 2002 என்று விழுந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது, அது செத்துப்போய்க் காலம் பின்னால் ஓடிவிட்டது. வாட்ச் கடையில் 2032 நம்பர் பேட்டரி வாங்கி மாற்றிவிட்டேன். அந்த ஐந்தையும் கிழிக்கப் போனால் அப்பா விடவில்லை. பழைய பாக்கி வைத்திருக்கிற தலைக்கட்டுகளுக்கு அதையே கொடுக்கலாம் என்கிறார்.