இடக்கரைக்கு உட்கார்ந்தவள்

அன்புள்ள பாப்பா,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கண்காட்சியில் சேலைக்குப் பக்கத்தில் வைக்க என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டையைப் பார்த்தோம். உங்கப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார், பக்கத்து வீட்டிலும் காட்டிவிட்டு வந்தார். நம் அரக்குச் சேலை அகமதாபாத்தில் ஒரு கூடத்தில் தொங்கப் போகிறது என்றால் சும்மாவா. அட்டையில் எல்லாம் இருக்கிறது, மயில்கண், வைர ஊசி, தாழம்பூ ரேக்கு, காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம், புவிசார் குறியீடு என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறாய். கடைசி வரியில் 'நெசவு' என்று போட்டு உங்கப்பா பெயர் மட்டும்.

கோபம் இல்லை. ஆனால் உடலையும் கரையையும் தனித்தனி இழையில் நெய்து கோர்க்கிற ஒரு கோர்வைச் சேலைக்கு அப்படி எழுதினால் அது தப்பு, படிப்புக்கே தப்பு. குறுக்கு இழையான ஊடையைச் சுமந்து ஓடுகிற நாடா மூன்று உள்ள சேலை அது. உடலுக்கு ஒன்று, கரைக்கு இரண்டு. உடல் நாடாவை அவர் எறிவார், அது என் கைக்கு வந்ததும் அந்த இழையைக் கரை இழையோடு கொக்கி போல மாட்டிக் கரை நாடாவை நான் என் பக்கம் வாங்க வேண்டும், அப்புறம்தான் அவர் பலகை அடித்து இழையை நெருக்க முடியும். வலக்கரை அவருடையது, இடக்கரை என்னுடையது. ஒவ்வொரு ஊடைக்கும் இதே கதை, 15 நாளோ 20 நாளோ ஒரு சேலை இறங்குகிற வரைக்கும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடையில் பெருமையாகச் சொல்வார்கள் இல்லையா, அந்தப் பிரியாத இடத்தில் பாதி என் விரல்.

கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவி 1937ல் நெசவுக்கூடம் ஆரம்பித்ததையும், பழைய அகலக் கரைச் சேலைகளை மறுபடி நெய்ய வைத்ததையும் உன் கட்டுரையில் எழுதியிருந்தாய். நன்றாகத்தான் இருந்தது. படிக்கும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது, அந்த அகலக் கரைக்கெல்லாம் இடப்பக்கம் யார் உட்கார்ந்திருப்பார்கள்? பெண்சாதியோ, பிள்ளையோ.

பிள்ளை என்று சொன்னதும் இதையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. எனக்கு ஒன்பது வயதில் உன் தாத்தா ஒரு தறிக்காரரிடம் முன்பணம் வாங்கினார், அந்தக் கடன் தீருகிற வரைக்கும் நான் அந்தத் தறியில் கோர்வைக்கு உட்கார்ந்தேன். விடிகாலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. தூங்கி விழுந்தால் தலையில் ஒரு குட்டு. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான், அதனால் அதை ஒரு கஷ்டம் என்று அப்போது நினைக்கவும் தெரியவில்லை. பிறகு சட்டம் வந்தது, அதிகாரிகள் வந்து வந்து பார்த்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பிள்ளை உட்கார்ந்த இடத்தில் ஆள் இல்லாமல் போனது, கூலி கொடுத்து ஆள் வைக்க யாருக்கும் கட்டுபடியாகவில்லை, கோர்வையும் தெருவில் குறைந்துபோனது. இப்போது பெரும்பாலும் ஊடை நேராக ஓடுகிற சேலைதான், கரையைத் திருப்பிப் பார்த்தால் உடல் நிறம் அதில் கலந்து கிடக்கும். அது மோசம் என்று சொல்ல மாட்டேன், ஒற்றை ஆள் நெய்து பிழைக்க வேண்டும் அல்லவா. உன்னை மட்டும் நான் தறிக்குழிப் பக்கமே விடவில்லை. நீயோ கல்லூரிக்குப் போய், பணம் கட்டி, அங்கே தறியில் உட்கார்ந்திருக்கிறாய். என்னத்தைச் சொல்வது!

போன வருடம் ஆகஸ்ட் 7, கைத்தறி நாளுக்கு ஒரு கண்காட்சியில் தறி போட்டு நெய்து காட்டக் கூப்பிட்டிருந்தார்கள் இல்லையா. படம் அனுப்பினோம், நடந்ததைச் சொல்லவில்லை. குழி வெட்ட முடியாத கூடம், இரும்புச் சட்டத்தில் தறி, காலுக்கு மிதி எட்டாமல் பலகை வைத்து உயர்த்தினோம். நல்ல கூட்டம். வீடியோ எடுக்க வந்த பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க, அவர் மட்டும் ஃபிரேம்ல வரட்டும்" என்றான். நான் எழுந்து தள்ளி உட்கார்ந்தேன். உங்கப்பா ஒன்றும் சொல்லவில்லை, அவருக்குக் கூச்சம். அஞ்சு நிமிஷம் உடல் நாடாவையும் வலக்கரை நாடாவையும் மட்டும் எறிந்து எறிந்து பலகை அடித்தார், பையன் சுற்றிச் சுற்றி எடுத்தான், பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். இடக்கரையில் ஊடையே இல்லாமல் இழையெல்லாம் பல் இளித்துக்கொண்டு நின்றது. சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ராத்திரி கூட்டம் போன பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து, விரல் அகலம் நெய்ததை ஒவ்வோர் இழையாகப் பிரித்தோம். பிரித்துக்கொண்டே அவர், "நான் சொல்லியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35 லட்சம் பேர், நெசவாளர்களில் பெண்கள்தான் அதிகம் என்று நீயே ஒரு தடவை படித்துக் காட்டினாய். நம் வீட்டுக்கு வந்தவர்கள் அவரை நெசவாளர் என்று எழுதிக்கொண்டார்கள், என்னைச் சார்புத் தொழில் என்றார்கள். சோறு வடித்துக்கொண்டிருந்தேன், சரி என்றுவிட்டேன்.

அதனால் அட்டையில் இரண்டு பெயரும் போடு. 'உதவி' என்றெல்லாம் எழுதாதே.

இன்னொன்று. சேலையைச் சுவரோடு ஒட்டி மாட்டாதே, பின்பக்கம் தெரிய வேண்டும். உடலும் கரையும் சேருகிற இடத்தில் பின்பக்கம் சின்னதாக மேடு தட்டும், தொட்டால்தான் தெரியும், முடிந்தால் தொட்டுப் பார்க்க விடு. முந்தியை உடலோடு இணைக்கப் பேட்னி போட்ட கோட்டையும் மறைக்காதே. முந்தியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு இழைகளை உடல் பாவோடு ஒவ்வொன்றாகப் பின்ன உங்கப்பாவுக்கு முதுகு விட்டுப்போனது. முந்தியிலிருந்து ஒரு முழம் தள்ளி இடக்கரையைப் பார், கூம்பு வரிசையில் ஒரு ரேக்கு மட்டும் குட்டையாக நிற்கும். அது நான் விட்டது. உனக்கு அங்கே இடம் கிடைத்தது என்று போன் வந்ததே, அதை எடுக்க எழுந்து, திரும்ப வந்து கணக்கு மறந்து இரண்டு ஊடை முன்னாலேயே கோர்த்துவிட்டேன். அவர் பிரிக்கலாம் என்றார். பட்டு நுரைத்துவிடும் என்று நான்தான் தடுத்தேன். யாராவது கண்டுபிடித்தால் சொல், அந்த ஆளுக்கு நம் தொழில் தெரியும்.

நாளைக்கு பார்சல் போடுகிறார். மடிக்கவில்லை, மடித்த இடத்திலேயே கிடந்தால் ஜரிகை ஒடியும். பிளாஸ்டிக் குழாயில் பழைய மல் வேட்டியைச் சுற்றி அதன்மேல் சேலையைச் சுற்றியிருக்கிறோம். வந்ததும் பிரித்து நிழலில் ஒரு நாள் காற்றாட விடு, குண்டூசி குத்தாதே. அடுத்த பாவுக்கு நீ அனுப்பிய நீலத்தைச் சாயக்காரர் போனில் பார்த்துவிட்டு, இந்த வெளிச்சத்தில் ஒரு நிறம், அந்த வெளிச்சத்தில் ஒரு நிறம் என்று சிரிக்கிறார். ஒரு துண்டு நூலாகத் தபாலில் அனுப்பு. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட மழை விட வேண்டும், குழியில் ஈரம் இன்னும் காயவில்லை, 2015 மாதிரி தண்ணீர் நிற்கவில்லை, அது வரைக்கும் புண்ணியம்.

என் பெயரை ரேஷன் கார்டைப் பார்த்து எழுதிவிடாதே. அதில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது.

அம்மா