சப்ளையை நிறுத்தாமல் பேனலைத் திறக்கச் சொல்லாதீர்கள்

உயர் அழுத்த மின் இணைப்புள்ள வணிக வளாகங்கள், துணிக்கடைகள், திருமண மண்டபங்களின் உரிமையாளர்களுக்கும் பராமரிப்பு மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

ஏசி கூடியது, லிஃப்ட் கூடியது, 500 கேவிஏ டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டு 1000 கேவிஏ வைத்தீர்கள். எல்டி ரூமில் (டிரான்ஸ்பார்மரிலிருந்து குறைந்த அழுத்த மின்சாரம் வந்து பிரியும் அறை) நிற்கும் பேனலை மட்டும் மாற்றவில்லை. எங்கள் கவலை அதைப் பற்றித்தான்.

கணக்கு எளிது. 433 வோல்ட்டில் 1000 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 1,333 ஆம்பியர். பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் (டிரான்ஸ்பார்மரின் உள் தடை) 5 சதவீதம் என்றிருந்தால் அந்த மின்னோட்டத்தை 0.05-ஆல் வகுங்கள்: ஏறக்குறைய 26.7 கிலோ ஆம்பியர். பஸ்பாரில் (பேனலுக்குள் மின்சாரத்தைப் பகிரும் உலோகப் பட்டை) ஷார்ட் ஆனால் இவ்வளவு பாயும். அதே இம்பீடன்ஸ் உள்ள 500 கேவிஏவில் 13.3 தான். அதற்காக வாங்கிய, 16 கிலோ ஆம்பியர் வரை அறுக்கும் எம்சிசிபி (பிரேக்கர்) அன்றைக்குப் போதுமானது. இன்று ஷார்ட்டை அறுக்கப் போய் அதுவே வெடிக்கலாம். இரண்டு டிரான்ஸ்பார்மர்களை பஸ் கப்ளர் (இரு பஸ்பார்களை இணைக்கும் பிரேக்கர்) போட்டு இணைத்து ஓட்டினால் 53 கிலோ ஆம்பியரைத் தொடும். தயவுசெய்து அப்படி ஓட்டச் சொல்லாதீர்கள்.

ஆர்க், அதாவது காற்றின் வழியே பாயும் மின்பொறி, இன்னும் கொடியது. கழன்ற போல்ட், உள்ளே புகுந்த எலி, கை தவறி விழுந்த ஸ்பேனர், இதில் ஒன்று போதும். மின்சாரம் காற்றின் வழியே பாய்வதால் மின்னோட்டம் முழு ஷார்ட்டில் பாதி அளவுக்குக்கூட இறங்கும். ஆபத்து இந்தக் குறைவில்தான் இருக்கிறது. 1600 ஆம்பியர் ஏசிபியில் (மெயின் பிரேக்கர்) ஷார்ட் செட்டிங்கைப் பத்து மடங்கில், அதாவது 16 கிலோ ஆம்பியரில் வைத்திருந்தால், 14 கிலோ ஆம்பியர் ஆர்க்கை அது வெறும் ஓவர்லோடாக எடுத்துக்கொண்டு விநாடிக்கணக்கில் காத்திருக்கும். அதற்குள் செம்பு ஆவியாகிக் கதவைப் பிய்த்தெறிந்துவிடும். சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி வெப்பமே தோலைக் கொப்பளிக்க வைக்கும். அந்த வெப்பம் நேரத்தோடு நேராகக் கூடும்: 0.05 விநாடியில் அறுபட வேண்டியது 0.4 விநாடி ஆனால் காயம் எட்டு மடங்கு வெப்பத்துக்கு.

ஜெனரேட்டரில் ஓடும்போது ஆபத்து குறைவு என்று பலர் நம்புகிறார்கள். நம்பாதீர்கள். அதன் ஃபால்ட் (ஷார்ட்) மின்னோட்டம் குறைவு என்பதால், டிரான்ஸ்பார்மரை மனதில் வைத்துச் செட் செய்த பிரேக்கர் ட்ரிப்பே ஆகாமல் போகலாம். ஜெனரேட்டருக்குத் தனி செட்டிங் வேண்டும்.

டிரான்ஸ்பார்மரோ மெயின் கேபிளோ மாறும்போதெல்லாம் ஃபால்ட் லெவலையும் ரிலே (பிரேக்கரை எப்போது ட்ரிப் செய்வது என்று முடிவு செய்யும் கருவி) செட்டிங்கையும் புதிதாகக் கணக்கிட்டு, முடிவைப் பேனல் கதவிலேயே ஒட்டுங்கள். பழைய பேனலை மாற்றப் பணமில்லையென்றால் மெயின் ஏசிபியில் மெயின்டனன்ஸ் மோடு உள்ள ரிலீஸையாவது (பிரேக்கரை ட்ரிப் செய்யும் பகுதி) போடுங்கள். பேனல் அருகே ஆள் வேலை செய்யும் நேரத்தில் சுவிட்சைத் திருப்பினால் தாமதமின்றி, குறைந்த மின்னோட்டத்திலேயே ட்ரிப் ஆகும். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வீணாக ட்ரிப் ஆனாலும் பரவாயில்லை. ஹெச்ஆர்சி ஃபியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். சரியான ஃபியூஸ் பெரிய ஷார்ட்டை 10 மில்லி விநாடிக்குள் அறுத்துவிடும்; கம்பிக்கு அந்த வேலை தெரியாது.

இனி நேரடியாக உங்களிடம். "கடை ஓடிக்கொண்டிருக்கிறது, அப்படியே டைட் பண்ணிவிடு" என்ற ஒரு வார்த்தையில்தான் பல விபத்துகள் தொடங்குகின்றன. எலக்ட்ரீசியனால் அதை மறுக்க முடியாது, நீங்கள்தான் சொல்லாமல் இருக்க வேண்டும். ஈபி சப்ளையை நிறுத்தினால் போதாது. ஏஎம்எஃப் பேனலை ஆஃபில் வைக்காவிட்டால் ஜெனரேட்டர் தானே ஸ்டார்ட் ஆகிப் பின்பக்கமாக சப்ளை வந்துவிடும். சோலாரும் யுபிஎஸ்ஸும் அப்படியே. பிரேக்கருக்குப் பூட்டுப் போட்டு, சாவி வேலை செய்பவர் பையில் இருக்க வேண்டும். வோல்டேஜ் பார்க்கும் மீட்டரை முதலில் சப்ளை உள்ள இடத்தில் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி சப்ளை உள்ள இடத்தில் சோதித்த பின்பே எர்த் செய்ய வேண்டும். நியான் டெஸ்டர் இதற்கு உதவாது. கெபாசிட்டர் பேனலில் டிஸ்சார்ஜ் ஆகும்வரை காத்திருக்க வேண்டும்.

பாலியஸ்டர் சீருடை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஏசிபியை ரேக் செய்பவருக்கு (பேனலிலிருந்து வெளியே இழுத்து, உள்ளே தள்ளுபவருக்கு), கணக்கிட்ட கலோரிக்கு ஏற்ற ஆர்க் உடையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள். ரேக் செய்யும்போது கதவு மூடியிருக்கட்டும். இந்த மாதமே ஒரு ஞாயிறு காலை, கடை திறக்குமுன் இரண்டு மணி நேரம் ஷட்டவுன் கொடுங்கள். பேனலை முழுதாகப் பார்க்க அது போதாதென்றால் இன்னொரு ஞாயிறும் கேட்போம்.

இப்படிக்கு,
மின் பராமரிப்பிலும் பாதுகாப்பு ஆய்விலும் பணியாற்றும் பொறியாளர்கள், மேற்பார்வையாளர்கள்