பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதே

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்து விடுவதிலேயே பொழுது போய்விட்டது, இப்போது வாசலில் போகிறவர்களை எல்லாம் அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, கம்ப்யூட்டர் விஷயம். 2011இல் நாம் சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலைந்து வாங்கிய ஐ5-2400 (இன்டெல் பிராசசர்) உன்னிடம் இன்னும் ஓடுகிறது என்பதே ஆச்சரியம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது, விண்டோஸ் 11க்கு அந்தப் பிராசசர் தகுதிப் பட்டியலிலேயே இல்லை, அதனால் மாற்றுவது நியாயம்தான். ஆனால் கரண்ட் பில் பாதியாகும் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் உதைக்கிறது.

பிளக்கில் மாட்டும் மீட்டர் ஒன்றை வாங்கி நான் அளந்து பார்த்தேன். என் பழைய பெட்டி சும்மா இருக்கும்போதே 65 வாட், கிட்டத்தட்ட ஒரு சீலிங் ஃபேன். இப்போதுள்ள, ஐ3-12100 பிராசசர் போட்ட பெட்டி சும்மா இருக்கும்போது 25 வாட், கரண்டை மிச்சம் பிடிக்கும் பிஎல்டிசி ஃபேன் மாதிரி. வித்தியாசம் 40 வாட், தினம் எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 19 யூனிட்தான். உன் பில் 500 யூனிட்டை உரசிக்கொண்டு வந்தால் ஸ்லாப் மாறாமல் இருக்க அந்த 19 உதவும், இல்லையென்றால் ஒரு நூறு ரூபாய் மிச்சமாகும், அதை வைத்துக்கொண்டு பிராசசர் வாங்கிய காசை எடுக்க முடியாது. எனக்குக் கிடைத்த லாபமே வேறு. மே மாதத்தில் அறை சூடாவதில்லை, விசிறி இரைச்சல் இல்லை, கரண்ட் போனால் அதே பழைய யூபிஎஸ் இருமடங்கு நேரம் தாங்குகிறது.

பிராசசர் வரும் அட்டைப் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதே. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி 65 வாட் என்பார்கள், முழு வேகத்தில் 88 வரை போகும். ஐ3-12100க்கு 60 என்று இருக்கும், 89 வரை போகும். உன்னைப் போல டேலி கணக்கு சாஃப்ட்வேரும் பிரௌசரும் பார்ப்பவனுக்கு இது பெரிய விஷயமே இல்லை, ஏனென்றால் நீ அடுத்த எழுத்தைத் தட்டும் வரை பிராசசர் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். தூங்கும்போது எவ்வளவு சாப்பிடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் 35 வாட் என்று வரும், பெயர் டி என்று முடியும் மாடலைத் தேடி அலையாதே என்கிறேன், அது அதே சில்லுதான், ஓட்டத்துக்குக் கடிவாளம் போட்டிருக்கிறார்கள், தூக்கத்தில் இரண்டும் ஒன்றே. பெயர் எஃப் என்று முடியும் மாடல் கொஞ்சம் மலிவு, ஆனால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு போட்டால் மிச்சம் பிடித்த வாட்டெல்லாம் அதிலேயே போய்விடும்.

உனக்கு மட்டும் என்றால் இன்டெலின் என்100 என்ற சின்ன பிராசசர் போட்ட மினி பிசியே போதும். 6 வாட் ரகம், உன் பழைய ஐ5ஐ விட வேகம், மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிவிடலாம். ஆனால் பையன் வீடியோ எடிட்டிங் பழகப் போகிறான் என்று எழுதியிருந்தாய், அவனுக்கு அதிலுள்ள நாலு சின்ன கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதி) பத்தாது, மதர்போர்டோடு ஒட்டி வருவதால் பிறகு மாற்றவும் முடியாது. 12100 வாங்கு, 16 ஜிபி ராம் போடு. 5600ஜியும் நல்லதுதான், இரண்டு கோர் அதிகம், ஆனால் யூடியூப் இப்போது அதிகம் அனுப்பும் ஏவி1 என்ற சுருக்க முறை வீடியோவை அது கிராபிக்ஸ் பக்கம் தள்ளாமல் கோர்களை வைத்தே பிரிக்கும், 12100 அதைச் சத்தமில்லாமல் செய்துவிடும்.

அப்புறம் எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. கடைக்காரர் பேச்சைக் கேட்டு 650 வாட் வாங்கி வந்த முட்டாள் நான். கரண்டை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்று காட்டும் 80 பிளஸ் சான்றிதழில், சாதாரண ரகங்களுக்குத் திறனை அளப்பதே 20 சதவீத லோடிலிருந்துதான், என் பெட்டி சும்மா இருக்கும்போது இழுப்பது 4 சதவீதம், அந்த இடத்தில் எவ்வளவு கரண்ட் வீணாகிறதோ. நீ 400, 450க்கு மேல் போகாதே.

பழைய கேபினெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, புது போர்டு அதிலேயே உட்காரும். எந்தச் சனிக்கிழமை வருகிறாய் என்று சொல், ரிச்சி தெருவுக்கு நானும் வருகிறேன், ஆனால் இந்த முறை பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவது உன் முறை.

உன் பழைய ரூம்மேட்