மலை விமான நிலையச் சுற்றுலாத் திட்டத்தின் குறைபாடுகள் குறித்த புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: மலை விமான நிலையச் சுற்றுலா தவறாகத் திட்டமிடப்பட்டதால் ஏற்பட்ட இழப்பு மற்றும் உடல்நலப் பாதிப்பு; தொகையைத் திரும்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மலைப்பகுதியில் உள்ள சிறிய விமான நிலையம் ஒன்றில் இறங்கி அதைச் சுற்றியுள்ள சிகரங்களையும் கணவாய்களையும் பார்த்து வரும் தங்கள் சுற்றுலாத் திட்டத்தில், முழுத்தொகையையும் முன்கூட்டியே செலுத்தி என் தாயாருடன் சென்று வந்தேன். பயணத்தில் நேர்ந்த குறைகளைத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் ஏற்கெனவே தெரிவித்திருக்கிறேன். எதிர்பாராத வானிலைதான் அனைத்துக்கும் காரணம் என்றும், நிபந்தனைகளின்படி நிறுவனம் பொறுப்பேற்க இயலாது என்றும், அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகவும் தங்கள் அலுவலகம் பதில் அனுப்பியது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. எங்களுக்கு நேர்ந்தவற்றுள் பெரும்பாலானவை அந்த நிலையத்தில் வேலை செய்யும் எவருக்கும் முன்பே தெரிந்தவை. தங்கள் பயண நிரலைத் தயாரித்தவர் மட்டுமே அவற்றைக் கணக்கில் கொள்ளவில்லை.

விமானி மீதோ, விமான நிலைய ஊழியர்கள் மீதோ எனக்குப் புகார் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். எங்கள் விமானம் பள்ளத்தாக்கின் வாயில்வரை சென்று, சிறிது நேரம் வட்டமடித்துவிட்டு, இறங்காமலேயே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியது. அந்த முடிவு சரியானது. அந்த நேரத்தில் அந்த விமானத்தில் எங்களை ஏற்றியதுதான் தவறு.

தாங்கள் பதிவு செய்து தந்தது அந்த நாளின் கடைசி விமானம். வெயில் ஏற ஏற மலைச்சரிவுகள் சூடாகின்றன. அவற்றை ஒட்டிய காற்று மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று பள்ளத்தாக்கு வழியாக மேல்நோக்கி வீசத் தொடங்கி, பிற்பகலில் உச்சத்தை அடைகிறது. வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் இது ஏறக்குறைய அன்றாட நிகழ்வு. பெரிய விமான நிலையங்களில் கருவிகளின் துணையோடு, வழக்கமாக 3 டிகிரி சாய்வில், மேகத்துக்குள்ளேயே நேராக இறங்கி வர முடியும். சுற்றிலும் மலைகள் மறிக்கும் இடத்தில் அப்படி ஒரு நேர்ப்பாதைக்கு வழியில்லை. விமானி ஓடுதளத்தைக் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஆகவே மேகமோ காற்றோ வந்தால் விமானம் திரும்புவதே இயல்பு. காலையில் புறப்படும் விமானங்கள் இருந்தும், நாங்கள் முதலில் வந்திறங்கிய வெளிநாட்டு விமானத்தின் நேரத்தோடு எளிதாகப் பொருந்துகிறது என்பதற்காகக் கடைசி விமானத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அது திரும்பியதும் வானிலையைக் குறை சொல்வது எந்த வகையில் நியாயம்?

அன்றிரவு விமான நிலைய நாற்காலிகளில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். தாங்கள் கொடுத்த அவசர உதவி எண் ஒலித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

மறுநாள் காலை ஒருவழியாக மலைக்கு வந்து சேர்ந்தோம். நாங்கள் இறங்கியபோது, ஓடுதளத்தின் ஓரத்தில் காற்றின் திசையைக் காட்டும் ஆரஞ்சு நிறத் துணிக்கூம்பு கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பெட்டிகளுக்காக நாங்கள் காத்திருந்து, நண்பகலும் கடந்தபோது அதே கூம்பு விறைத்துக் கிடைமட்டமாக நின்றது. ஏறக்குறைய 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) வேகத்தில் காற்று வீசினால் அது அப்படி முழுவதுமாக நிமிர்ந்து நிற்கும். கடைசி விமானம் அடிக்கடி திரும்பிவிடும் என்றும், காலை விமானத்தில் வருபவர்கள்தான் சிரமமின்றி வந்து சேர்வார்கள் என்றும் அங்கிருந்த ஊழியர் சாதாரணமாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்தது, இதையே தொழிலாகச் செய்யும் தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இதில் எனக்கு மிகவும் உறுத்தலாக இருப்பது தங்கள் விளம்பரச் சிற்றேடு. அதில் இந்த நிலையத்தை நேபாளத்தின் லுக்லா விமான நிலையத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். லுக்லா 2,845 மீட்டர் உயரத்தில், வெறும் 527 மீட்டர் நீளமும் ஏறக்குறைய 12 சதவீதச் சாய்வும் கொண்ட ஓடுதளத்தோடு, ஒரு முனை மலைச்சுவரிலும் மறுமுனை பள்ளத்திலும் முடியும் இடம். அந்த ஒப்பீடு படிப்பவரைக் கவரும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் லுக்லா வழியாக மலையேறச் செல்பவர்கள் காலை விமானங்களையே நாடுகிறார்கள். விமானம் ரத்தாகலாம் என்று கருதித் திட்டத்தில் உபரி நாட்களை ஒதுக்குகிறார்கள். பெட்டியும் கைப்பையும் சேர்த்துச் சுமார் 15 கிலோவுக்குள் அடக்கிக்கொள்கிறார்கள். வழியில் உள்ள நாம்சே பஜார் என்ற மலை ஊரில் தங்கி, உயரத்துக்கு உடலைப் பழக்கிக்கொண்ட பிறகே மேலே செல்கிறார்கள். லுக்லாவின் பெயரை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்ட தாங்கள், லுக்லா செல்பவர்கள் கடைப்பிடிக்கும் முன்னெச்சரிக்கைகளில் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்டிகள் விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் அனுப்பிய பயணக் குறிப்பில், வெளிநாட்டு விமானத்துக்கு உரிய எடை வரம்பு மட்டுமே இருந்தது. சிறிய விமானத்துக்கான வரிசையில் நின்றபோதுதான், பெட்டிகளோடு எங்களையும் கைப்பையுடன் எடைமேடையில் ஏறச் சொன்னார்கள். ஊழியர் ஒருவர் ஒவ்வோர் எண்ணையும் பென்சிலால் ஒரு தாளில் எழுதி, கீழே கூட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். எங்கள் இரு பெட்டிகளும் அங்கேயே நின்றுவிட்டன. இதுவும் அவர்களின் தவறு இல்லை. அந்த மலை நிலையம் சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் இயந்திரத்தின் திறனும் குறையும். வெயில் நேரத்தில் இன்னும் குறையும். ஓடுதளமும் குட்டையாக இருக்கும்போது, சுமையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதை ஒரே வரியில் முன்பே எழுதியிருந்தால், கம்பளி உடைகளையும் என் தாயாரின் வெந்நீர்ப் பையையும் கைப்பையிலேயே வைத்திருப்போம். அடுத்த நாள் முழுவதும் மேகம் மூடியதால் விமானம் எதுவும் வரவில்லை. நாங்கள் திரும்பிச் செல்லத் தயாரான வேளையில்தான் பெட்டிகள் கைக்குக் கிடைத்தன.

இவை அனைத்தையும்விடக் கடுமையான தவறு அடுத்து நடந்தது. ஒரு நாள் வீணாகிவிட்டதால் நிரலைச் சுருக்க வேண்டும் என்று தங்கள் பிரதிநிதி தொலைபேசியில் வற்புறுத்தி, வந்து சேர்ந்த அன்றே கணவாய்க்கு அருகில் 3,600 மீட்டர் உயரத்தில் உள்ள முகாமுக்கு எங்களை ஜீப்பில் அனுப்பினார். முதல் நாளே மேலே செல்ல வேண்டாம் என்று வழிகாட்டி தயங்கியும் அவர் கேட்கவில்லை. 3,000 மீட்டருக்கு மேல் செல்பவர்கள், இரவில் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட அறிவுரை. எங்களை ஒரே மாலையில் 1,100 மீட்டர் ஏற்றினார்கள். முகாம் இருந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்ற கணக்கில் பார்த்தாலும், குளிர் எவ்வளவு கூடியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். எங்களிடம் இருந்ததோ மெல்லிய மேலாடை மட்டும்.

இரவு என் தாயாருக்குத் தலைவலியும் வாந்தியும் தொடங்கின. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை என்று தவித்தார். வழிகாட்டிதான் நிலைமையைப் புரிந்துகொண்டு, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் ஓட்டுநரை எழுப்பி, அந்த இருட்டிலேயே எங்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். கீழே வந்ததும் அம்மாவின் உடல்நிலை தேறத் தொடங்கியது. மருத்துவர் அதை உயரத்தால் வந்த நோய் என்று குறித்துக் கொடுத்த சான்றை இணைத்துள்ளேன். அந்த வழிகாட்டி தங்கள் சார்பில் பணியாற்றுபவர் என்பதால், அவருக்கு உரிய பாராட்டைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உத்தரவை மீறினார் என்று அவர்மீது நடவடிக்கை எடுக்கப்படக் கூடாது.

விமானங்கள் இறங்குவதை அருகிலிருந்து பார்க்கும் மேடை என்று சிற்றேட்டில் படத்தோடு போட்டிருந்த இடம் பொதுமக்களுக்கு அனுமதி இல்லாத பகுதி என்று வாயிலில் இருந்த காவலர் திருப்பி அனுப்பிவிட்டார். காட்டு வழி நடைப்பயணத்துக்கு முன்கூட்டியே பெற வேண்டிய அனுமதிச்சீட்டும் வாங்கப்படவில்லை. இவ்விரண்டுக்கும் வானிலை காரணம் என்று தாங்களும் சொல்லமாட்டீர்கள் என நம்புகிறேன்.

பெட்டிகள் தாமதமானது பற்றி விமான நிறுவனத்திடம் பேசிக்கொள்வதாகவும், நான் தனியாக எதுவும் எழுத வேண்டாம் என்றும் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு கூறியது. பிறகு வாரக்கணக்கில் பதில் இல்லை. எங்கள் பயணம் ஒரே பயணச்சீட்டில் அமைந்த சர்வதேசப் பயணம். அத்தகைய பயணங்களுக்குப் பொருந்தும் 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி தாமதமானால் அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்துமூலம் முறையிட வேண்டும். தவறினால் உரிமை கோர முடியாது. நண்பர் ஒருவர் எச்சரித்ததால் கெடு முடிவதற்குள் நானே விமான நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். தங்கள் சொல்லை நம்பிக் காத்திருந்தால் அந்த உரிமையும் போயிருக்கும்.

ஆகவே, எங்களுக்கு வழங்கப்படாத கணவாய்ச் சுற்றுலா, முகாமில் தங்குதல், நடைப்பயணம் ஆகியவற்றுக்கான தொகையையும், நாங்கள் செய்த மருத்துவச் செலவையும் பணமாகத் திருப்பித் தருமாறு கோருகிறேன். தள்ளுபடிக் கூப்பன் எனக்கு வேண்டாம். வழிகாட்டியின் தயக்கத்தை மீறி எங்களை முகாமுக்கு அனுப்பும் முடிவை யார், எதன் அடிப்படையில் எடுத்தார் என்பதற்கும் எழுத்துமூலம் விளக்கம் தேவை. மேலும், இதே திட்டத்தைத் தொடர்ந்து விற்பதானால், எடை வரம்பு, காலை விமானம், உபரி நாள், உயரத்துக்கு உடலைப் பழக்கும் ஓய்வு ஆகியவை சிற்றேட்டின் முதல் பக்கத்திலேயே தெளிவாக அச்சிடப்பட வேண்டும்.

பயணச்சீட்டுகளின் நகல், பெட்டிகள் தாமதமானதற்கான சீட்டு, மருத்துவச் சான்று, தங்கள் சிற்றேட்டின் பக்கங்கள், இதுவரை நடந்த மின்னஞ்சல் தொடர்பு ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)